கருவியோடு தமிழையும் கொடுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வாங்கி வழங்கும் அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பேச்சு வராத பிள்ளைகளுக்கு முகாம்களில் நீங்கள் கொடுக்கும் கைக்கணினிகள் சில மாதங்களில் அலமாரிக்குள் போய்விடுகின்றன. கேட்டால், "பிள்ளைக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்கிறார்கள். தெரியாமல் இல்லை. அதன் திரையில் உள்ள சொற்பலகையில் பிள்ளை சொல்ல நினைப்பது இல்லை.

அந்தக் கைக்கணினியில் இருப்பது, கட்டத்தில் உள்ள படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லை ஒலிக்கும் செயலி. பல கருவிகளில் ஆங்கிலச் சொற்பலகையைக் கட்டத்துக்குக் கட்டம் தமிழாக்கிப் போட்டிருக்கிறார்கள். 'நோ' இருந்த கட்டத்தில் 'இல்லை' இருக்கிறது, அவ்வளவுதான். வலிக்கிறதா என்றால் 'இல்லை' சரி. இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்றால் 'வேண்டாம்' அல்லவா வேண்டும்? கையைத் தூக்கச் சொன்னால், தூக்க வராத பிள்ளைக்கு 'முடியவில்லை' வேண்டும். தூக்க மனமில்லாத பிள்ளைக்கு 'மாட்டேன்' வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாததால் வீணாகத் திட்டு வாங்குகிறது.

இதைவிடக் கொடியது 'நான்' கட்டம். ஆங்கிலத்தில் யார் அடித்தார், யார் அடி வாங்கினார் என்பதைச் சொற்களின் வரிசையே சொல்லிவிடும். தமிழில் அதைச் சொல்வது வேற்றுமை உருபு. 'என்னை', 'எனக்கு', 'என்னால்' எதுவும் இல்லாமல் 'நான்', 'அவன்', 'அடி' என்று மூன்று படங்களை மட்டும் வைத்தால், பிள்ளை எந்த வரிசையில் தொட்டாலும் அடித்தது யார் என்று தெரியாது. தன்னை ஒருவர் துன்புறுத்துகிறார் என்று சொல்ல ஒரு குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி இந்தக் கருவி. அதில் 'என்னை' இல்லை. இதை ஒரு சிறிய மொழிபெயர்ப்புப் பிழை என்று எங்களால் விட்டுவிட முடியவில்லை.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இப்படிப் படத்தைத் தொட்டுப் பேச உதவும் 'ஆவாஸ்' செயலி சென்னையில்தான் உருவானது. அதில் தமிழும் உண்டு. சட்டமும் இருக்கிறது. பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கொள்முதல் விவரக் குறிப்பில் திரை அளவு இருக்கிறது, நினைவகம் இருக்கிறது, சொல் இல்லை. சக்கர நாற்காலி என்றால் இடுப்பு அளவெடுக்கிறீர்கள், காதொலிக் கருவி என்றால் கேட்கும் திறனைச் சோதிக்கிறீர்கள். பேச்சுக் கருவி மட்டும் ஏன் எல்லோருக்கும் ஒரே மாதிரி பெட்டியில் வருகிறது?

தமிழுக்கென்றே அமைத்த சொற்பலகை இல்லாத கருவியை வாங்காதீர்கள். எங்கள் முதல் கோரிக்கை இதுதான். அந்தப் பலகையில் நான்கு மறுப்புகளும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கட்டும். 'என்னை', 'எனக்கு', 'என்னால்' முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். கட்டத்தில் 'வேண்டும்' என்று எழுதியிருந்தாலும் 'வேணும்' என்று ஒலிக்கும்படி அமைக்கலாம். வகுப்புத் தோழனிடம் யாரும் செய்தி வாசிப்பதில்லை. ஒருமுறை வைத்த சொல்லை இடம் மாற்றக் கூடாது. பிள்ளையின் கை அந்த இடத்தைப் பழகிவைத்திருக்கும்.

கொடுக்கும் நாளில் பார்க்க வேண்டியவையும் உண்டு. தமிழ்க் குரலைக் கருவியிலேயே தரவிறக்கி, இணையத்தை அணைத்துவிட்டு ஒலிக்கிறதா என்று பாருங்கள். பல கருவிகள் வீட்டுக்குப் போனதும் ஊமையாவது இதனால்தான். கை நடுங்கும் பிள்ளைக்குக் கட்டங்களைப் பெரிதாக்கி, விரல் சற்று நேரம் நிலைத்தால் மட்டும் ஒலிக்கும்படி அமையுங்கள். திரைமேல் துளையிட்ட அக்ரிலிக் தகடு வைத்தால் பக்கத்துக் கட்டத்தில் விரல் படாது. நாற்காலியில் பொருத்தும் தாங்கி இல்லையென்றால் கருவி மடியிலிருந்து நழுவிக் கீழே விழும். இவற்றையெல்லாம் ஒரு பேச்சுப் பயிற்சியாளர் அருகில் இருந்து சரிபார்க்க வேண்டும். அம்மாவுக்கும் வகுப்பாசிரியருக்கும், தாங்கள் பேசும்போதே அந்தந்தக் கட்டத்தைத் தொட்டுக் காட்டவும், பிள்ளை பதில் சொல்லப் பத்து விநாடியாவது பொறுக்கவும் கற்றுத்தர வேண்டும். உடைந்துவிடும் என்று பள்ளியில் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டுவதையும் தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை போட்டு நிறுத்துங்கள். அது பிள்ளையின் வாயைப் பூட்டுவது.

அடுத்த கொள்முதலுக்கு முன் விவரக் குறிப்பில் தமிழ்ச் சொற்பலகையைக் கட்டாயமாக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஏற்கெனவே கொடுத்த கருவிகளைத் திரும்ப அழைத்துத் திருத்த மாதங்கள் ஆகலாம். அதுவரை இல்லை, வேண்டாம், முடியவில்லை, மாட்டேன், 'என்னை அடிக்கிறாங்க' என்ற ஐந்தையும் ஒரு ஏ4 தாளில் பெரிதாகப் படத்தோடு அச்சடித்து, லேமினேட் செய்து, ஒவ்வொரு பிள்ளையின் நாற்காலிப் பலகையிலும் ஒட்டச் சொல்லுங்கள். அதை இந்த வாரமே செய்யலாம்.

இப்படிக்கு,
பேச்சுப் பயிற்சியாளர்களும் சிறப்பாசிரியர்களும்