மருந்தாளரின் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூத்தோர் மருந்து உட்கொள்வது குறித்துத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். "மருத்துவர் எழுதியதை எடுத்துக் கொடுப்பவரே மருந்தாளர், ஐயம் இருந்தால் மருத்துவரையே கேளுங்கள்" என்ற வரிக்கு மேல் என்னால் படிக்க இயலவில்லை.

எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். தங்களுக்குத் தெரியாதிருக்க வாய்ப்பில்லை. சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் மருந்தாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஒருவர், தொழில் புரியும் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இரண்டாண்டுக் காலத்தில் 50 தொடர்கல்விப் புள்ளிகளைச் சேர்த்தாக வேண்டும். பகல் முழுவதும் மருந்தக முகப்பில் நின்றுவிட்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு கணினி முன் அமர்ந்து நாங்கள் சேர்க்கும் புள்ளிகள் அவை.

நான் பட்டம் பெற்றபோது, வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரப்படும் கார்பமாஸெபின் மருந்தைப் பற்றி ஒவ்வாமை வரக்கூடும் என்ற அளவில்தான் கற்பித்தார்கள். 2013இல்தான், ஆசிய மரபினருக்கு அம்மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் எச்எல்ஏ-பி 1502 மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று இங்கு அறிவுறுத்தப்பட்டது. அந்த மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் கொப்பளித்து உரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். 2019 டிசம்பரில், இங்கு விற்பனையில் இருந்த 46 மெட்ஃபோர்மின் மருந்துகளில் மூன்றை, மருந்துகளைக் கண்காணிக்கும் சுகாதார அறிவியல் ஆணையம் மீட்டுக்கொண்டபோது, தங்கள் மாத்திரை அந்த மூன்றில் ஒன்றா, மருந்தை நிறுத்திவிடலாமா என்று எத்தனையோ நீரிழிவு நோயாளிகள் பதறிக்கொண்டு வந்து கேட்டார்கள். மருத்துவரைப் பார்க்கும் முன்பே அவர்கள் வந்து நின்றது எங்கள் முகப்பில்தான்.

கால் வீக்கத்தோடு வந்த ஒரு பெரியவரையும் சொல்ல வேண்டும். பலதுறை மருந்தகம் எனப்படும் அரசு மருத்துவ நிலையத்தில் கொடுத்த இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினையும் தனியார் மருத்துவர் ஒருவர் எழுதித் தந்த நோர்வாஸ்கையும் வெவ்வேறு மருந்துகள் என்று எண்ணி நாள்தோறும் இரண்டையும் விழுங்கிவந்தார். இரண்டும் ஒன்றே, கால் வீக்கம் அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. அந்த வீக்கத்துக்கென்று சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் சேர்ந்துகொண்டிருந்தது. ஒரு மருந்தின் விளைவைப் புதிய நோயாகக் கருதி இன்னொரு மருந்தைச் சேர்த்துக்கொண்டே போகும் இந்தச் சங்கிலியை நான் அறிந்துகொண்டது கல்லூரியில் அல்ல, ஒரு தொடர்கல்வி அமர்வில். பையில் இருந்த எல்லாவற்றையும் முகப்பில் வைக்கச் சொல்லித் தமிழில் ஒவ்வொன்றாக விசாரித்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. உடனே மருத்துவரை அழைத்துப் பேசினேன். எடுத்துக் கொடுப்பது மட்டுமே என் வேலையாக இருந்திருந்தால் அவரை அப்படியே அனுப்பியிருப்பேன்.

இந்த மனத்தாங்கல் ஒரு வரியால் மட்டும் வந்ததில்லை. நலவாழ்வுப் பக்கத்தில் மருத்துவர்கள் எழுதுகிறார்கள், உணவியல் வல்லுநர்கள் எழுதுகிறார்கள். மருந்தைப் பற்றிய கட்டுரைகளிலும் மருந்தாளரின் குரலைக் காண முடிவதில்லை. சமூக நிகழ்ச்சிகளில் இலவச இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு எங்களை அழைக்கிறார்கள். மேடையில் ஏற்பாட்டாளர்கள் எங்களை "மருந்துக்கடைப் பிள்ளைகள்" என்று அறிமுகப்படுத்தியதையும் கேட்டிருக்கிறேன். மருந்தை எடுத்துக் கட்டி விளக்கும் மருந்தகத் தொழில்நுட்பர்களுக்கோ எங்களுக்கு உள்ளதுபோன்ற சட்டப் பதிவுகூட இல்லை. அவர்கள் தம் முயற்சியில் படிப்பதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

எங்கள் தொடர்கல்வி முறையில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. உரையைக் கேட்டதற்குப் புள்ளி உண்டு; கேட்டதை நோயாளியிடம் சரியாகச் செயல்படுத்துகிறோமா என்பதை அப்புள்ளிகள் காட்டுவதில்லை. பதிவுக்கு முந்தைய பயிற்சியில் மூத்த மருந்தாளர் அருகிலிருந்து எங்களை மதிப்பிட்டார். அதன்பின் இத்தனை ஆண்டுகளில், ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டிக்கு நான் இன்ஹேலர் பயன்படுத்தும் முறையை விளக்குவதை எவரும் வந்து கவனித்து, இன்ன இடத்தில் திருத்திக்கொள் என்று சொன்னதில்லை. அப்படிப்பட்ட நேரடி மதிப்பீடு வேண்டும் என்று விரும்புவோர் எங்களிலேயே பலர் இருக்கிறோம். தங்கள் கட்டுரை இந்தக் கேள்வியை எழுப்பியிருந்தால் முதலில் நன்றி சொல்லியிருப்பேன். அதை விடுத்து, படிக்கவே தேவையில்லாத தொழில் என்ற எண்ணத்தை வாசகர் மனத்தில் பதித்துவிட்டது.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். மருந்தாளர்களுக்குத் தொடர்கல்வி கட்டாயம் என்பதையும், மருந்து பற்றிய ஐயங்களை அவர்களிடமும் கேட்கலாம் என்பதையும் அதே பக்கத்தில் இரண்டு வரியில் வெளியிடுங்கள். இடம் இருந்தால், மாதம் ஒருமுறை வாசகர்களின் மருந்துக் கேள்விகளுக்கு ஒரு மருந்தாளர் பதிலளிக்க வாய்ப்பளியுங்கள். ஊதியம் எதுவும் எதிர்பாராமல் எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஒரு மருந்தாளர், ஈசூன்