உன் கேள்வித்தாளைப் பார்த்தேன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். மனிதவளக் கணக்கியல், அதாவது ஊழியர்களின் மதிப்பையும் அவர்களுக்காக ஆகும் செலவையும் கணக்கில் காட்டும் முறை, பற்றி மாணவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கத்தானே இந்த ஆய்வு? முதல் கேள்வியே 'இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?' என்று இருக்கிறது. வணிகவியல் படிக்கிற பிள்ளை யார் 'இல்லை' என்று போடும்? தேர்வுக்காக வரையறையை மனப்பாடம் செய்திருப்பார்களே.

அதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் கொடுத்துப் பார். ஒரு கால்பந்துக் கிளப், வேறு கிளப்புக்குப் பணம் கட்டி ஒரு ஆட்டக்காரரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அந்தத் தொகை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாக ஏறும், வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செலவாகக் கழியும். சிறுவயதிலிருந்து அதே கிளப் பயிற்சி கொடுத்து வளர்த்தவர் இவரைவிட நன்றாக ஆடினாலும் சொத்துப் பக்கம் ஏறமாட்டார். ஏன் என்று கேள். ஐஏஎஸ் 38 என்ற சர்வதேசக் கணக்கியல் தரநிலை பயிற்சிச் செலவை அந்தந்த வருடமே செலவாக எழுதச் சொல்கிறது. ஊழியரின் திறமை பொதுவாக நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது அதன் வாதம். காசு கொடுத்து வாங்கிய பதிவுரிமை, அதாவது அந்த ஆட்டக்காரரைத் தன் அணியில் பதிவு செய்யும் உரிமை, அப்படியில்லை. இதைச் சொல்கிற பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கிறது.

அப்புறம் ஊழியரின் மதிப்பைக் கணக்கிட லேவ், ஷ்வார்ட்ஸ் என்ற இருவர் 1971-இல் சொன்ன முறை. ஓய்வு பெறும்வரை வரப்போகிற சம்பளத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் சூத்திரத்தை எல்லாரும் எழுதிவிடுவார்கள். அதில் ஊழியர் இடையில் இறந்துபோகலாம் என்பதற்குக் கணக்கு உண்டு, வேலையை விட்டுப் போகலாம் என்பதற்குக் கிடையாது. எங்கள் அலுவலகத்தில் ராஜினாமாதான் அதிகம்! அதனால் ஒரே வயது, ஒரே சம்பளம், ஒருவர் மட்டும் வேறு வேலை தேடுகிறார், இருவர் மதிப்பும் ஒன்றா என்று கேட்டுப் பார்.

ஒரு வேடிக்கை தெரியுமா? 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி ஐந்து கட்டம் போட்டிருக்கிறாயே, அந்த அளவுகோலை 1932-இல் கொண்டுவந்த ரென்சிஸ் லைக்கர்ட்தான் 1960களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து மனிதவளக் கணக்கியலுக்காகவும் வாதாடினார். ஆர்.ஜி. பாரி என்ற காலணி நிறுவனம் அங்கிருந்த ஆய்வாளர்களோடு சேர்ந்து, ஆள் எடுக்கவும் பயிற்றுவிக்கவும் ஆன செலவைச் சொத்தாகக் காட்டியும் பார்த்தது. முன்னுரையில் இதைச் சேர்.

வரையறைக் கேள்வியை எடுத்துவிடாதே, கடைசியில் வை. கணக்கியல் மாணவர்கள், மனிதவளம் படிப்பவர்கள் இருவரிடமும் கொடுத்து, வரையறையிலும் கணக்கிலும் யார் எப்படி என்று தனித்தனியாகப் பட்டியல் போடு. திருத்தியதை வழிகாட்டிக்குக் கொடுக்கும் முன் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா