கேமரா பொருத்திய பைனாகுலர்: தவறான தகவல், அலைக்கழிப்பு, பணத்தைத் திரும்பக் கோருதல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கேமரா பொருத்திய 10×25 பைனாகுலரை (10 மடங்கு பெருக்கம், 25 மில்லிமீட்டர் அகல முன் லென்ஸ்) நான் வாங்கி 4 மாதங்கள் ஆகின்றன. இதுவரை 11 முறை தொலைபேசியிலும் 3 முறை நேரிலும் முறையிட்டும் தீர்வு கிடைக்காததால் இக்கடிதத்தை எழுதுகிறேன். கோபத்தில் வரம்பு மீறிவிடக் கூடாதென்று இரண்டு நாள் பொறுத்திருந்த பிறகே எழுத உட்கார்ந்தேன்.

வாங்கும் முன் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். கண்ணருகு லென்ஸில் நான் எதைப் பார்க்கிறேனோ, அதையேதான் கேமராவும் படம் பிடிக்குமா என்று கேட்டேன். "ஆம், அப்படியேதான்" என்று தங்கள் விற்பனைப் பிரிவினர் எழுத்திலேயே பதில் அனுப்பினார்கள். அந்த ஒரு பதிலை நம்பித்தான், கேமரா இல்லாத 8×32 பைனாகுலரை வேண்டாமென்று விட்டேன். 32-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை வருகிறது. தங்களுடையதில் அது 2.5 மில்லிமீட்டர்தான். பறவைகள் அதிகம் நடமாடும் விடியற்காலை மங்கலில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படம் கிடைக்கிறதே என்பதற்காக அந்த வெளிச்சத்தைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தேன்.

கிடைத்தது என்ன? இரு குழல்களுக்கும் நடுவே கேமராவுக்கென்று தனியாக ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. நடுவிலுள்ள ஃபோகஸ் சக்கரத்தைத் திருப்பினால் கண்ணுக்குத் தெரியும் காட்சி மட்டுமே தெளிவாகிறது. கேமராவின் லென்ஸ் அசைவதே இல்லை. 5 மீட்டர் தொலைவில் கிளையில் அமர்ந்திருந்த மீன்கொத்தியின் ஒவ்வோர் இறகையும் நான் கண்ணால் எண்ண முடிந்தது. படத்திலோ ஒரு நீலக் கறை மட்டுமே இருந்தது. அதுவும் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி விழுந்திருந்தது. தங்கள் பொருளை உருவாக்கியவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இதைச் சொல்லத்தான் முதன்முதலில் தொலைபேசியில் அழைத்தேன். "உங்கள் கை நடுங்கியிருக்கும், வயதானால் அப்படித்தான்" என்றார் தங்கள் பணியாளர். 10 மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் முக்காலியில் பொருத்தி, டைமர் வைத்து, அசையாத ஒரு பெயர்ப்பலகையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டே அழைத்தேன். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். ஒரு மன்னிப்பு வந்திருந்தால் இக்கடிதத்தில் பாதியை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சேவை மையத்துக்கு முதல் முறை போனபோது அட்டைப்பெட்டியுடன் வரச் சொன்னார்கள். இரண்டாம் முறை பெட்டியுடன் போனேன். ரசீதில் முத்திரை இல்லையென்றார்கள். மூன்றாம் முறை முத்திரையும் வாங்கிக்கொண்டு போய் இரண்டரை மணி நேரம் காத்திருந்த பிறகு, பழுது பார்ப்பவர் அன்று விடுப்பு என்றார்கள். காலையில் நான் உள்ளே நுழைந்தபோதே அதைச் சொல்லியிருக்கக் கூடாதா? இதற்கு இடையில் மாற்றிக் கொடுத்த கருவியிலும் இதே குறைதான். கருவியில் பழுதே இல்லை, வடிவமைப்பே இப்படித்தான் என்பதை அதன் பிறகுதான் நானாகப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பெட்டியின் மேல் 12 மெகாபிக்சல் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறீர்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்திலோ சென்சார் 2 மெகாபிக்சல் என்றும், மீதிப் புள்ளிகளை மென்பொருள் நிரப்புகிறது என்றும் பொடி எழுத்தில் இருக்கிறது. இல்லாத விவரத்தை எந்த மென்பொருளாலும் படத்தில் கொண்டுவர முடியாது.

வலசைப் பறவைகள் வந்து தங்கித் திரும்பிப் போய்விட்டன. ஒரு பருவம் முழுவதும் பாழாயிற்று. பேத்திக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்த படங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எத்தனை பணம் கொடுத்தாலும் இந்த இழப்பு ஈடாகாது. "வயதானால் அப்படித்தான்" என்ற சொல்லும் இன்னும் என் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

தங்கள் நிறுவனத்தின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. இதே பெயரில் வந்த பழைய பைனாகுலர் ஒன்றைப் பல ஆண்டுகள் மனநிறைவோடு பயன்படுத்தியவன் நான். ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: கருவியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் 15 நாட்களுக்குள் அனுப்பி வையுங்கள், அந்தப் பணியாளரின் பேச்சுக்கு எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள், கேமராவின் ஃபோகஸ் தனி என்பதையும் சென்சாரின் உண்மையான அளவையும் பெட்டியின் மேலேயே அச்சிடுங்கள். மீண்டும் ஒருமுறை என்னைச் சேவை மையத்துக்கு வரச் சொன்னால், விற்பனைப் பிரிவின் எழுத்துப்பூர்வமான பதில், இரு கருவிகளிலும் எடுத்த படங்கள், மூன்று வருகைகளின் சீட்டுகள் ஆகியவற்றுடன் நுகர்வோர் நீதிமன்றத்தை நாடுவேன். அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன். மூலப் பிரதிகள் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்