ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கலுக்குப் பிறகு நான் எழுதவில்லை என்று அம்மாவுக்கு வருத்தமாமே. வேலைதான், வேறொன்றுமில்லை. இங்கே பகல் வெயில், ராத்திரி கை விறைக்கிற குளிர். ஒரு தடவை ரசம் வைத்தால் மூன்று நாளைக்கு வருகிறது.

பக்கத்து வீட்டுக் கிழவர், அதே முசுடுதான், போன ஞாயிறு கரலீ பாறைக்கு அழைத்துப்போனார். ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டி வெள்ளைக்காரன் மொட்டைப் பாறையைச் சுற்றிக் கல்சுவர் வைத்து, விழுகிற மழையையெல்லாம் குளத்துக்குத் திருப்பியிருக்கிறான். நீங்கள் பார்த்தால் கிளம்பவே மாட்டீர்கள்.

1893-ல் இங்கே தங்கம் கிடைத்துக் கூட்டம் சேர்ந்ததும், உப்பு ஏரித் தண்ணீரைக் காய்ச்சி வடித்து விற்றார்களாம். காய்ச்ச விறகு. 1903-ல்தான் 530 கிலோமீட்டர் குழாயில் மண்டாரிங் அணைத் தண்ணீர் வந்தது. நம் பக்கம் பென்னிகுவிக்கைச் சொல்வதுபோல இங்கே அந்தக் குழாய்க்குத் திட்டம் போட்ட எஞ்சினியர் ஓ'கானர். பாவம், தண்ணீர் வருமுன்பே, 1902-ல் போய்விட்டார்.

கிழவருக்கு அந்தக் கதை பிடிக்காது. அவர் தாத்தா விறகுவெட்டி. சுரங்க பாய்லருக்காகக் காட்டுக்குள் தண்டவாளம் போட்டு, மரம் தீர்ந்ததும் அதைப் பெயர்த்து அடுத்த காட்டில் போடுவார்களாம். 1960-கள் வரை ஓடியிருக்கிறது விறகு ரயில். அணைப்பக்கமும் அதே புத்தி. மழைநீர் மரத்துக்குப் போகாமல் அணைக்கு வரட்டும் என்று பட்டையை வளையமாக உரித்து மரங்களைச் சாகவிட்டார்கள். உறிஞ்ச மரமில்லாமல் நிலத்தடி நீர் ஏறி, மண்ணுக்குள் கிடந்த உப்பு அணைக்கே வந்தது. பிறகு உட்கார்ந்து மரம் நட்டார்கள்!

கண்மாய்க்கரை மரங்களை ஏலம் விடப்போவதாக எழுதியிருந்தீர்களே. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கட்டும். நாட்டுக்கருவேலத்தைத் தொடக்கூடாது என்று சித்தப்பாவைக் கூட்டத்தில் பேசச் சொல்லுங்கள். அவர் சத்தம் போட்டால்தான் கேட்பார்கள்.

முந்தாநாள் இங்கே மழை. நம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் போதும் போலிருந்தது. அப்பத்தா இன்னும் அங்கேதான் படுக்கிறதா?

இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ மாற்றுகிறார்கள். தங்கச்சி பீஸுக்கு மேலத்தெரு மாமாவிடம் வாங்கிக் கட்டிவிடுங்கள். கிணறு தூர்வாருவது ஆடிக்குப் பிறகு இருக்கட்டும். பட்டா நகல் அனுப்பும்போது பின்பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுங்கள், போன தடவை முன்பக்கம் மட்டும்தான் வந்தது.

உங்கள் மகன்