ரோபோ வாங்கும் முன் நிலைப்படியை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டைப் பெருக்கித் துடைக்கும் ரோபோக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது இரண்டாவது ரோபோ. முதலாவது பதினான்கே மாதத்தில் பரணுக்குப் போய்விட்டது. பட்டவள் என்பதால் எழுதுகிறேன். உறிஞ்சும் திறன் இத்தனை ஆயிரம் பாஸ்கல், விலை இத்தனை ஆயிரம் ரூபாய் என்று அட்டவணை போட்டிருந்தீர்கள். கட்டிலுக்கு அடியில் நுழையுமா, நிலைப்படியைத் தாண்டுமா, போர் தண்ணீரை ஊற்றலாமா, ரிப்பேர் என்றால் எங்கள் ஊரில் யார் பார்ப்பார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியவை இவைதான்.

நான் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்று வருடம் முன்பு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிமேல் குந்தி உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவருக்கோ தூசி பட்டால் இழுப்பு வந்துவிடும். விளக்குமாறு போடும் நேரத்தில் அவர் மொட்டை மாடிக்குப் போய் நின்றுகொள்வார். அதனால்தான் பணத்தைச் சேர்த்து வாங்கினோம். எங்களுக்கு அது ஆடம்பரமில்லை.

முதல் ரோபோவைத் தள்ளுபடி விலையில் வாங்கினோம். ஹாலில் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சமையலறைக்குள் ஒரு நாள்கூடப் போகவில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே ஆறு அங்குல அகலத்தில் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருக்கிறோம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வெறுங்காலால் தடவினாலும் தெரியாது. அந்தப் பட்டை வரை வரும், நிற்கும், பின்வாங்கும், வேறு பக்கமாக வந்து பார்க்கும், மறுபடி பின்வாங்கும். சர்வீஸுக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் "ரீசெட் பண்ணுங்க மேடம்" என்பதுதான் பதில்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அதைக் கவிழ்த்துப் பார்த்தான். அடிப்பக்க ஓரத்தில் விரல்நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் இருந்தன. "பெரியம்மா, இதுதான் பள்ளம் பார்க்கிற சென்சார்" என்றான். அது அகச்சிவப்பு ஒளியைக் கீழே அடித்து, தரையில் பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்குமாம். திரும்பவில்லையென்றால் எதிரே மாடிப்படி இருப்பதாக எடுத்துக்கொண்டு நின்றுவிடுமாம். கறுப்புக் கல் அந்த ஒளியை விழுங்கிவிடுகிறது. மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, வெள்ளைப் பக்கம் மேலே தெரியும்படி பட்டையின் மேல் ஒட்டினான். ரோபோ தயங்காமல் ஏறிப் போய், மேடைக்கு அடியில் சிலிண்டர் வரை நுழைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான்கு மாதமாக அந்த இடத்தை நான்தான் வலிக்க வலிக்கக் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தேன். சென்சார் மேலேயே வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிடச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன. மாடிப்படியோ முற்றமோ உள்ள வீட்டில் அதை மட்டும் செய்யாதீர்கள், ரோபோ உருண்டு விழுந்துவிடும். பட்டையின் மேல் வெளிர் நிற ஸ்டிக்கர் ஒட்டினால் போதும்.

ஆக, வாங்குவதற்கு முன் கையில் டேப் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வர வேண்டும். எங்கள் படுக்கையறையில் பழைய மர நிலை, தரையிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரம். சாதாரண ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் வரைதான் ஏறும். அதற்கு மேல் ஏறும் மாடல்கள் வந்திருக்கின்றன, விலைதான் எட்டவில்லை. நாங்கள் தச்சரிடம் சொல்லி நிலையின் இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை அடித்துக்கொண்டோம். அடுத்தது கட்டில், பீரோ, சோபா. தலையில் சுழலும் கோபுரம் உள்ள ரோபோக்கள் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரம் வரும். கட்டிலின் சட்டம் அதைவிடத் தாழ்வாக இருந்தால், தூசி அதிகமாகச் சேரும் இடத்துக்கு அது போகவே போகாது. கோபுரம் இல்லாமல் தட்டையாக வரும் மாடல்களும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கோபுரத்துக்குள் இருப்பதுதான் லைடார். லேசர் கதிரைச் சுற்றிலும் அடித்து, சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து வீட்டை வரைபடமாகப் போட்டுக்கொள்ளும். இருட்டிலும் வேலை செய்யும். எங்கள் முதல் ரோபோவில் அது இல்லை. போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய், ஒரு மூலையை விட்டுவிட்டு வந்துவிடும். கேமராவை வைத்து வழி பார்க்கும் வகையும் இருக்கிறது. ஒரு நிறுவனம் சோதனைக்காக வீடுகளில் விட்டிருந்த ரோபோக்கள் எடுத்த படங்கள், குளியலறையில் இருந்த பெண்ணின் படம் உட்பட, இணையத்தில் கசிந்தது 2022-இல் செய்தியானது. பெண்கள் உள்ள வீட்டில் படுக்கையறைக்குள் கேமரா ஓட வேண்டுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். எனக்கு லைடார் போதும்.

பாஸ்கல் விஷயத்துக்கு வருகிறேன். இளநீர் ஸ்ட்ராவின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் ஒட்டிப்போகும், ஒரு சொட்டு வராது. இவர்கள் சொல்லும் பாஸ்கல் அப்படி வாயை அடைத்து அளக்கும் இழுப்புதான். குப்பையைத் தூக்கிக்கொண்டு போவது காற்றோட்டம், அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. போதாததற்கு, அந்த எண் அதிகபட்ச வேகத்துக்கு உரியது; அந்த வேகத்தில் ஓட்டினால் இரைச்சல் தாங்காது, சார்ஜும் சீக்கிரம் இறங்கிவிடும். கார்ப்பெட் விரித்த வீட்டுக்கு இழுப்பு கூடுதலாக வேண்டியிருக்கலாம். நம் ஊர் டைல்ஸ், மொசைக், சிவப்பு சிமென்ட் தரைக்கு மூவாயிரம் நாலாயிரம் பாஸ்கலே தாராளம் என்பது என் அனுபவம். இருபதாயிரம் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம் பிரஷ். தலைமுடி பிரஷ்ஷில் சுற்றும் என்று எல்லோரும் சொல்வார்கள். பூச்சரம் கட்டும் வாழைநாரை யாரும் சொல்ல மாட்டார்கள். வாடிய மல்லிகைச் சரம் ஒன்று தரையில் விழுந்து கிடந்திருக்கிறது. பூக்களை எல்லாம் உறிஞ்சிவிட்டது. நார் மட்டும் முடியோடு சேர்ந்து முறுக்கி, பிரஷ்ஷின் இரண்டு முனையிலும் உள்ள மூடிக்குள் இறுகிவிட்டது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் கறுப்பு மோதிரம் மாதிரி ஒரு வளையம். பிளேடால் கீறித்தான் எடுத்தேன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மோட்டாரே போயிருக்கும். முனை மூடி கையால் கழலும் பிரஷ்ஷாக, முடிந்தால் ரப்பர் பிரஷ்ஷாகப் பார்த்து வாங்குங்கள்.

துடைப்பது என்று விளம்பரத்தில் சொல்வதை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம். முதல் ரோபோவின் அடியில் ஒரு ஈரத்துணி, அவ்வளவுதான். நனைத்த துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். மேலோட்டமான தூசி போகும். காய்ந்த சாம்பார் கறையும், அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கும் அசையவே அசையாது. இரண்டு வட்டத் துணிகள் தரையை அழுத்திக்கொண்டே சுழலும் வகையைத்தான் இப்போது வைத்திருக்கிறோம். கறையை ஒரே நாளில் எடுக்காவிட்டாலும் தினமும் ஓடுவதால் படிய விடுவதில்லை. டாங்கில் பினாயில் ஊற்றாதீர்கள். கையேட்டிலேயே வேண்டாம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். எங்கள் போர் தண்ணீர் பயங்கரக் கடினம், குழாயெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். முதல் ரோபோவின் நீர்த்துளைகள் மூன்றே மாதத்தில் உப்பு படிந்து அடைத்துக்கொண்டன. இப்போது காவிரித் தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு குடம் தனியாகப் பிடித்து வைத்து, அதைத்தான் ஊற்றுகிறோம்.

துணியைத் தானே அலசிக் காயவைக்கும் பெரிய ஸ்டேஷன் (ரோபோ சார்ஜுக்கு வந்து நிற்கும் இடம்) வைத்த மாடல்கள் வந்திருக்கின்றன. என்னைப்போல் குனிய முடியாதவர்களுக்கு அது பெரிய உதவிதான். ஆனால் அழுக்குத் தண்ணீர் டாங்கை யாராவது தினமும் கொட்டிக் கழுவ வேண்டும். நம் வெயிலுக்கு இரண்டு நாள் விட்டால் வீடே நாறும். ஐப்பசி அடைமழையில் துணி காயவே காயாது. அதனால் சூடான காற்றில் உலர்த்தும் வசதி இல்லாத ஸ்டேஷனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோபோ பெட்டி வந்த அன்று அவர் முகம் வாடிவிட்டது. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், இன்றுவரை குறைக்கவில்லை. ரோபோ எட்டாத மூலை, கதவிடுக்கு, பால்கனி ஆகியவற்றை வாரம் இரண்டு நாள் அவர் துடைக்கிறார். அவருக்கும் இடுப்பு வலி உண்டு. தினமும் குந்தித் துடைத்த வேலை இப்போது அவருக்கும் இல்லை.

கடைசியாக, ரிப்பேர். முதல் ரோபோவின் பேட்டரி ஒரு வருட வாரண்டி முடிந்த இரண்டாம் மாதம் இறங்கியது. நூறு நிமிடம் ஓடியது இருபது நிமிடத்தில் நின்றது. அந்த மாடலுக்கு இனி பேட்டரி வராது என்று கையை விரித்துவிட்டார்கள். இந்த முறை வாங்குவதற்கு முன்பே பேட்டரி, ஃபில்டர், பிரஷ், மாப் துணி நான்கும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, சர்வீஸ் சென்டர் திருச்சியில் உண்டா, சென்னைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ரோபோவை இயக்கும் போன் ஆப்பை மட்டும் நம்பவும் கூடாது. அமெரிக்காவின் நீட்டோ என்ற ரோபோ நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. பிறகு அதன் சர்வரையும் நிறுத்தியதால், அந்த ரோபோக்களை போனிலிருந்து இயக்க முடியாமல் போனது. 2002-இல் ரூம்பா என்ற ரோபோவைக் கொண்டுவந்து இந்தச் சாதனத்தை உலகம் முழுக்கப் பரப்பிய ஐரோபாட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அதனால் ரோபோவின் மேலேயே பட்டன் இருக்கிறதா, நெட் இல்லாமலும் அதை அழுத்தினால் ஓடுமா என்று பாருங்கள். வாங்கிய பின் பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். இது எனக்குப் பேட்டரி போன பிறகுதான் தெரிந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி அட்டவணை போடும்போது மொத்த உயரம், ஏறும் படியின் உயரம், கறுப்புத் தரையில் ஓடுமா, பேட்டரி விலை, தமிழ்நாட்டில் எந்தெந்த ஊரில் சர்வீஸ் உண்டு என்று ஐந்து பத்திகளைச் சேருங்கள். இடம் போதாவிட்டால் பாஸ்கல் பத்தியை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்,
உறையூர், திருச்சி