டிவியில் பேசப் போகும் மகளுக்கு

அன்பு மகள் செல்விக்கு,

டிவிக்காரர்கள் உன்னைக் கூப்பிட்ட விஷயம் தெரிந்ததிலிருந்து அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். வெளிநாட்டுக்காரர்கள் சீன மொழியில் பேசும் நிகழ்ச்சி, பட்டுச்சேலையில்தான் வரவேண்டும் என்றார்களாமே. போகலாமா என்று நீ கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பெய்ஜிங்கில் டாக்ஸி ஏறினால் "உங்க சீனம் தாஷான் அளவுக்கு இன்னும் வரல" என்று டிரைவர்கள் சொல்வார்கள் என்றாயே, அந்த மனுஷனைப் பற்றித் தேடிப் படித்தேன். மார்க் ரோஸ்வெல், கனடாவின் ஒட்டாவாக்காரர். டொராண்டோவில் சீனம் படித்துவிட்டு 1988இல் பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். உன்னைப்போல மாணவராகத்தான் போயிருக்கிறார். சில மாதங்களிலேயே சீன மத்தியத் தொலைக்காட்சியின் புத்தாண்டு நிகழ்ச்சியில் ஒரு நகைச்சுவை நாடகம். ராத்திரி வீட்டுக்குத் தாமதமாக வந்து கதவைத் தட்டுகிற ஆள் வேஷம், பெயர் ஷு தாஷான். பெரிய மலை என்று அர்த்தமாம், நல்ல பட்டிக்காட்டுப் பெயர். வெள்ளைக்காரன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பெய்ஜிங் தெருப்பேச்சு பேசினால் சிரிக்காமல் இருப்பார்களா? கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். மறுநாளிலிருந்து அவர் மார்க் இல்லை, தாஷான்தான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்தது. அந்தக் கைதட்டலை வைத்தே பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம். அவர் 1989 டிசம்பரில் ஜியாங் குன் என்ற பெரிய கலைஞரிடம் முறைப்படி சீடராகச் சேர்ந்தார். சியாங்ஷெங் என்கிற சீன நகைச்சுவைப் பேச்சுக் கலையின் குரு பரம்பரையில் சேர்க்கப்பட்ட முதல் வெளிநாட்டுக்காரர் அவர்தானாம். இரண்டு பேர் நின்று பேசுவார்கள், ஒருவர் கதையை இழுத்துக்கொண்டு போக, மற்றவர் இடையில் கேள்வி போட்டு எடுத்துக் கொடுப்பார். நம்ம ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரருக்குப் பக்கத்தில் "ஆமா" போடுகிறவர் இருப்பாரே, கிட்டத்தட்ட அந்த வேலை. தாளம் ஒரு நொடி தப்பினால் சிரிப்பு போய்விடும். மனப்பாடம் பண்ணி வருகிற காரியமா அது?

மற்ற வெளிநாட்டு மாணவர்களுக்கு அவர் மேல் எரிச்சல் உண்டு என்றும் படித்தேன். யார் எவ்வளவு பேசினாலும் தாஷானோடு ஒப்பிட்டால் வராதா பின்னே! அவருக்கும் சுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்போதும் சிரித்த முகம், எப்போதும் நல்ல பிள்ளை. 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் கனடாவின் தலைமைப் பிரதிநிதியாக இருந்திருக்கிறார். இவ்வளவு பெயர் வாங்கிய பிறகு, ஐம்பது வயதை நெருங்கும்போது, தனியாக மேடையேறி மைக்கைப் பிடித்துத் தன் அனுபவங்களையே சீனத்தில் நகைச்சுவையாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அதுதான் பெரிய துணிச்சலாகப் படுகிறது. அதுவரை அடுத்தவர் எழுதிய வசனத்தில் அசலூர்க்காரன் வேஷம். இப்போது சொந்தக் கதை.

ஆகவே போ மக்கா. ஆனால் என்ன பேசச் சொல்கிறார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்கு. சேலை கட்டுவதில் தப்பில்லை, நீ ஆசைப்பட்டால் கட்டு. தலையை ஆட்டிக் காட்டு, சினிமாப் பாட்டுக்கு ஆடு என்று மட்டும் கேட்டால், உனக்கு ஏழு வருஷப் படிப்பு எதற்கு என்று கேட்டுவிட்டு எழுந்து வா. உன் ஆய்வகத்தைப் பற்றி, வீட்டுக்காரப் பாட்டி உனக்கு மாவு பிசையக் கற்றுக்கொடுத்தது பற்றிப் பேச விட்டால் இரண்டாவது தடவையும் போ. சம்பளம் எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படாதே, அப்பா மாதிரி இருக்காதே.

ஒளிபரப்பு எப்போது என்று நம்ம ஊர் நேரத்தில் எழுது. இரண்டரை மணி நேரத்தைக் கழிக்கச் சொன்னால் அப்பா கூட்டிவிடுவார், அப்புறம் தெருவையே கூட்டி வைத்து விளம்பரம் பார்க்க வேண்டியதுதான்.

அன்புடன்,
அம்மா