மழை விட்ட பிறகும் வாருங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2023 டிசம்பரில் எங்கள் தூத்துக்குடி மூழ்கியபோது நீங்கள் காட்டியது எதையும் நான் பார்க்கவில்லை. கரன்ட் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. எல்லாம் சரியான பிறகு யூடியூபில் தேடிப் பார்த்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸ், ஹெலிகாப்டரிலிருந்து போட்ட உணவுப் பொட்டலங்கள், தண்ணீருக்குள் மைக்கோடு நிற்கும் நிருபர்கள். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் ஸ்டுடியோவைப் பற்றித்தான்.

காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு தேறாது. அன்றிரவு விவாதங்கள் எதைப் பற்றி? வானிலை மையம் முன்பே எச்சரித்ததா, மாநில அரசு அதைக் காதில் போட்டுக்கொண்டதா என்று. மேசையைச் சுற்றி ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, மத்தியில் ஆளும் கட்சி, அப்புறம் எந்தத் தலைப்பானாலும் வந்து உட்காரும் அதே அரசியல் விமர்சகர். மழையைப் பற்றித் தெரிந்த ஒருவர்கூட இல்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு மிக்ஜாம் புயலில் சென்னை தத்தளித்தபோதும் இதே கதை. ‘மழைநீர் வடிகாலுக்கான நாலாயிரம் கோடி என்ன ஆச்சு?’ என்று கேட்டீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த வடிகால்கள் மணிக்கு எத்தனை செ.மீ. மழையைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை, இனிமேல் பெய்யப்போகும் மழைக்கு அவை தாங்குமா என்ற அடுத்த கேள்வியை நான் பார்த்த வரையில் ஒரு நெறியாளரும் கேட்கவில்லை. பதில் சொல்ல ஆள் இருந்தால்தானே கேட்பதற்கு!

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1951-க்கும் 2015-க்கும் இடையில் வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ ஒரு டிகிரி சூடாகியிருப்பதாக மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கையே சொல்கிறது. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். நீங்களோ ‘வரலாறு காணாத மழை’ என்று நாள் முழுக்கக் கீழே ஓடவிட்டீர்கள். ஏன் காணாத மழை என்று சொல்லவில்லை.

எதற்கெடுத்தாலும் காலநிலை மாற்றம் என்று சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது இன்னொரு ஆபத்து. 2015 சென்னை வெள்ளத்தைச் சர்வதேச விஞ்ஞானிகள் குழு ஒன்று ஆராய்ந்தது; அந்தப் பெருமழையில் புவி வெப்பமயமாதலின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை என்றது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையோ அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே எழுதியது. ஏரிக்குள் பட்டா போட்டவர்களும் மதகைத் திறக்கத் தெரியாதவர்களும் ‘எல்லாம் காலநிலை மாற்றம்’ என்று கையை விரித்தால், மடக்கிக் கேட்கவும் உங்களுக்கு இந்த அறிவியல் வேண்டும்.

2024 ஜூலையில் வயநாட்டில் மண் சரிந்தது. இரண்டே வாரத்தில் ஆய்வு வந்துவிட்டது: காலநிலை மாற்றத்தால் அந்த ஒரு நாள் மழையின் தீவிரம் சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. மண்ணுக்குள் தேடும் காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டிய உங்களுக்கு, அதற்குள் வேறு செய்தி கிடைத்துவிட்டது.

வெயில் கதை இதைவிட மோசம். ‘இன்று 12 இடங்களில் சதமடித்த வெயில்’ என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசிக்கிறீர்கள். கூடவே தர்பூசணிக் கடை, நீர்மோர்ப் பந்தல். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போய் ஐந்து பேர் இறந்தார்களே, அன்று சென்னையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடவில்லை. கடற்கரை ஊர்களில் ஆளைச் சாய்ப்பது வெயிலோடு சேர்ந்த புழுக்கம். காற்றின் ஈரப்பதம் எவ்வளவு, ராத்திரியிலாவது சூடு தணிந்ததா என்பதை உங்கள் பட்டியல் சொல்வதே இல்லை. இங்கே உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தகவல்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்ததும் அதே மாதம்தான். வெயிலால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதைப் பெற என்ன சான்று வேண்டும் என்று ஒரு கோடைச் செய்தியிலாவது சொல்லுங்களேன்.

டி.ஆர்.பி. வராது என்பீர்கள். மழைச் செய்திக்குக் கூட்டம் தானாகவே வருகிறது. அந்தக் கூட்டத்திடம் இரண்டு வரி கூடுதலாகச் சொன்னால் யாரும் சேனலை மாற்றிவிட மாட்டார்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு விவாதம் வையுங்கள். ஒரு வானிலை அறிஞர், ஒரு வடிகால் பொறியாளர், ஒரு தாமிரபரணிப் பாசன விவசாயி போதும். வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து அதே மூவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டால் மறுநாள் வேறு தலைப்பில் சமாதானம் செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி நேயர் ஒருவர்